கையில் கொப்புளம், தொண்டையில் வீக்கம், ஓயாத தும்மல்... எல்லாமே ‘அலர்ஜி’தானா? முந்திரி மண்ணில் இருந்து ஒரு முழு விளக்கம்

கெடில ஆற்றங்கரையில், பண்ருட்டியை ஒட்டி இருக்கிறது திருவதிகை. நாவுக்கரசரின் சூலை நோய் தீர்ந்த தலம் என்று போற்றப்படும் வீரட்டானேசுவரர் கோயில் உள்ள ஊர். சுற்றுவட்டாரம் முழுக்க முந்திரியும் பலாவும். இன்னொரு பக்கம் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களும் அனல்மின் நிலையங்களும்.

இந்த வட்டாரத்தில் ‘அலர்ஜி’ என்ற ஒரே வார்த்தை மூன்று வேறு வேறு பிரச்சினைகளுக்குப் பயன்படுகிறது.

முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்ணின் விரல்கள் கருத்து, வெடித்து, கொப்புளமாகின்றன. கேட்டால், ‘அலர்ஜிங்க, இந்த வேலைக்கு வந்தா இது வரத்தான் செய்யும்’ என்கிறார்கள். கல்யாண வீட்டில் பாயசம் குடித்த குழந்தைக்குச் சில நிமிடங்களில் உதடு வீங்குகிறது. அதுவும் அலர்ஜி. நிலக்கரி லாரிகள் போகும் சாலையில் பைக்கில் போகிறவருக்குத் தும்மலும் இருமலும் வருகிறது. ‘தூசி அலர்ஜி’ என்று ஒரு மாத்திரையைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

மூன்றுக்கும் பெயர் ஒன்றுதான். ஆனால், உடலுக்குள் நடப்பது வேறு. மருந்தும் வேறு. முதலாவதை அலட்சியம் செய்தால் கை வேலை செய்யாமல் போகும், கூலி போகும். இரண்டாவதை அலட்சியம் செய்தால் உயிரே போகலாம். மூன்றாவது பல நேரங்களில் அலர்ஜியே இல்லை.

அப்படியானால் எது என்ன என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெரிய டெஸ்ட்டுக்கு முன்னால் பார்க்க வேண்டியது கடிகாரத்தை.

சுருக்கமாகத் தெரிஞ்சுக்கோங்க

• சாப்பிட்ட, கடிபட்ட, ஊசி போட்ட சில நிமிடங்கள் முதல் 2 மணி நேரத்துக்குள் வந்தால்: உடனடி ஒவ்வாமை. அவசரம்.

• பொருள் தோலில் பட்டு ஒன்று முதல் மூன்று நாள் கழித்து அரிப்பும் கொப்புளமும் வந்தால்: தொடு ஒவ்வாமை. தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

• தூசி, புகை இருக்கும் இடத்தில் மட்டும் வந்து, விலகியதும் குறைந்தால்: பெரும்பாலும் எரிச்சல். ஆஸ்துமா இருந்தால் மட்டும் கூடுதல் கவனம்.

அலர்ஜின்னா உண்மையில் என்ன?

கிருமி வந்தால் எதிர்த்துப் போராட நம் உடலில் ஒரு பாதுகாப்புப் படை இருக்கிறது. அதுதான் நோய் எதிர்ப்பு மண்டலம். ஊருக்குள் வந்த விருந்தாளியைத் திருடன் என்று நினைத்து அடிப்பதுபோல, கெடுதல் செய்யாத ஒரு பொருளை இந்தப் படை எதிரியாக நினைத்துத் தாக்குவதுதான் ஒவ்வாமை. அந்தப் பொருள் வேர்க்கடலையாக இருக்கலாம், மகரந்தமாக இருக்கலாம், மருந்தாகவும் இருக்கலாம்.

‘அலர்ஜி’ என்ற சொல்லை 1906-ல் உருவாக்கியவர் வியன்னாவைச் சேர்ந்த குழந்தைகள் நல மருத்துவர் கிளெமென்ஸ் வான் பிர்க்கே. உடனடி ஒவ்வாமைக்குக் காரணமான ‘ஐ.ஜி.இ’ என்ற எதிர்ப்பொருள் கண்டுபிடிக்கப்பட்டது 1960-களில்தான். அமெரிக்காவில் பணியாற்றிய ஜப்பானிய தம்பதி இஷிசாகாவும், சுவீடன் ஆய்வாளர்கள் ஜோஹான்சன், பென்னிச் ஆகியோரும் தனித்தனியாக இதைக் கண்டறிந்தனர்.

ஒவ்வாமை முதல் சந்திப்பிலேயே வந்துவிடாது. முதலில் உடல் அந்தப் பொருளை ‘எதிரி’ என்று பதிவு செய்துகொள்கிறது. அந்தப் பதிவு எப்போது நடந்தது என்று நமக்கே தெரியாது. அதன் பிறகு வரும் சந்திப்பில்தான் தாக்குதல். ‘இத்தனை வருஷமா இதைத்தானே சாப்பிட்டேன், இதே வேலையைத்தானே செஞ்சேன், இப்போ மட்டும் ஏன்?’ என்று பலர் குழம்புவது இதனால்தான்.

முந்திரி ஓட்டுக்குள் என்ன இருக்கு?

முந்திரி நம் ஊர் மரம் இல்லை. 16-ம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர்கள் பிரேசிலில் இருந்து கொண்டுவந்தது. பழத்துக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் கொட்டை என்பதால்தான், எல்லாவற்றிலும் முந்திக்கொண்டு வருபவரை ‘முந்திரிக்கொட்டை’ என்கிறோம்.

அந்தக் கொட்டையின் ஓடு இரண்டு அடுக்கு கொண்டது. நடுவில் தேனடைபோலச் சின்னச் சின்ன அறைகள். அவற்றுக்குள் கெட்டியான, பழுப்பு நிற எண்ணெய் இருக்கிறது. ஓட்டின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்கு மேல் இந்த எண்ணெய்தான். வாகனங்களின் பிரேக் லைனிங், பெயிண்ட், பிசின் தயாரிப்புக்கு இது நல்ல விலைபோகும் மூலப்பொருள்.

ஆனால் தோலுக்கு இது பகை. இதில் உள்ள அனகார்டிக் அமிலம், கார்டால் ஆகிய வேதிப்பொருட்கள் இரண்டு விதமாக வேலை செய்கின்றன.

முதலாவது, நேரடியாகச் சுடும். எண்ணெய் பட்ட இடம் அமிலம் பட்டதுபோல எரிந்து, கருத்து, தோல் உரியும். இது யாருக்கு வேண்டுமானாலும் வரும். இது ஒவ்வாமை இல்லை, காயம்.

இரண்டாவதுதான் ஒவ்வாமை. எண்ணெய் தோலுக்குள் ஊடுருவி, அங்குள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. எதிர்ப்பு மண்டலத்தின் ‘டி’ செல்கள் இதை அந்நியப் பொருளாகப் பதிவு செய்கின்றன. அடுத்த முறை பட்டால் ஒன்று முதல் மூன்று நாளுக்குள் அரிப்பு, சிவப்பு, நீர்க்கொப்புளம். எண்ணெய் படாத இடமான முகம், கழுத்து, இமைக்கும் பரவலாம். தாமதமாக வருவதால், ‘நேத்து என்ன சாப்பிட்டோம்?’ என்று சாப்பாட்டின் மேல் பழிபோட்டுவிட்டு, முந்தாநாள் தொட்ட கொட்டையை மறந்துவிடுகிறோம்.

மாமரமும் முந்திரியும் ஒரே குடும்பம்

முந்திரி, மா, பிஸ்தா, சேராங்கொட்டை எல்லாம் தாவரவியலில் ஒரே குடும்பம். மாங்காய் கடித்த பிள்ளைகளுக்கு உதட்டோரம் புண் வரும். ‘மாங்காய்ப் பால் பட்டுடுச்சு’ என்போம். காம்பில் வடியும் அந்தப் பாலிலும், மாம்பழத் தோலிலும் முந்திரி எண்ணெயின் உறவுக்காரப் பொருட்கள் உள்ளன.

சேராங்கொட்டையின் சாறு துணியில் பட்டால் போகவே போகாது. சலவைத் தொழிலாளர்கள் துணிக்குக் குறி போட அதைப் பயன்படுத்தினார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவில் இருந்த வெளிநாட்டுப் படைவீரர்கள் சிலருக்கு, சட்டையில் குறி இருந்த அதே இடத்தில் தோல் அழற்சி வந்து, மருத்துவ இதழ்களில் பதிவானது.

அமெரிக்காவின் ‘பாய்சன் ஐவி’ கொடியும் இதே குடும்பம்தான். அதில் இருப்பது உருஷியால். 1982-ல் பென்சில்வேனியா மாநிலத்தில், பாய்சன் ஐவி பட்டதுபோன்ற அரிப்பும் தடிப்பும் பலருக்கு வந்தன. ஆனால் அவர்கள் அந்தக் கொடியைத் தொடவில்லை. விசாரித்தபோது, எல்லோரும் மொசாம்பிக்கில் இருந்து இறக்குமதியான முந்திரிப் பருப்பைச் சாப்பிட்டிருந்தது தெரிந்தது. பாக்கெட்டுகளில் ஓட்டுத் துண்டுகள் கலந்திருந்தன. பாய்சன் ஐவிக்கு ஏற்கெனவே பழகியிருந்த உடல்கள், முந்திரி ஓட்டையும் அதே எதிரியாகப் பார்த்துவிட்டன.

நன்றாக ஓடு நீக்கி, உள்தோலும் எடுத்த பருப்பில் இந்த எண்ணெய் இருப்பது மிகக் குறைவு. அதனால் ஓட்டு எண்ணெயால் கையில் அலர்ஜி வரும் பலரால் பருப்பைச் சாப்பிட முடிகிறது. கை அலர்ஜியும் வாய் அலர்ஜியும் ஒன்று இல்லை.

வேலையில் எந்த இடத்தில் ஆபத்து?

பண்ருட்டி வட்டாரத்தில் உள்ளூர்க் கொட்டையோடு, ஆப்பிரிக்க நாடுகளில் இருந்து வரும் கொட்டையும் உடைக்கப்படுகிறது. காயவைப்பது, வேகவைப்பது அல்லது வறுப்பது, உடைப்பது, உள்தோல் நீக்குவது, தரம் பிரிப்பது என்று வேலை நடக்கும். இதில் பெரும்பகுதி பெண்களின் கையில்.

வறுக்கும் முறையில் எண்ணெய் எரிந்து காரமான புகை வரும். அது கண்ணையும் மூச்சுக்குழாயையும் பாதிக்கும். நீராவியில் வேகவைக்கும் முறையில் புகை குறைவு. ஆனால், எண்ணெய் ஓட்டுக்குள்ளேயே தங்கிவிடும். உடைக்கும்போது அது நேராகக் கைக்கு வரும். அதனால் உடைப்பவர்களுக்குத்தான் பாதிப்பு அதிகம். உள்தோல் நீக்குபவர்களுக்கு ஒப்பீட்டளவில் குறைவு.

பாதிப்பு தோலோடு நிற்பதில்லை. விரல் வெடித்தால் வேகமாக உடைக்க முடியாது. உடைத்த அளவுக்குக் கூலி என்றால் வருமானம் குறையும். வெடித்த விரலால் சோறு பிசைந்தாலும், மிளகாய் அரைத்தாலும் எரியும். எண்ணெய் ஒட்டிய சேலையோடு குழந்தையைத் தூக்கினால் குழந்தைக்கும் தடிப்பு வரலாம்.

இன்னொரு சிக்கல் ரேகை. கைத்தோல் அழற்சி உள்ளவர்களின் விரல்ரேகையை இயந்திரங்கள் படிக்கத் தடுமாறுவது மருத்துவ ஆய்வுகளில் பதிவான விஷயம். ரேஷன் கடையில் விரல் வைத்தால்தான் பொருள் என்ற காலத்தில் இது சின்னப் பிரச்சினை இல்லை. கருவிழிப் பதிவு வசதி உள்ள கடைகளில் அதைக் கேட்டு வாங்கலாம்.

‘தொழில்னா அப்படித்தான்’ என்பது சட்டத்தின் பார்வை இல்லை. 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், மூன்றாவது அட்டவணையில் தொழில்சார் நோய்களைப் பட்டியலிட்டிருந்தது. வேதிப்பொருட்களால் வரும் தொடு தோல் அழற்சியும் அதில் இருந்தது. ஆனால் வீட்டுத் திண்ணையிலும் சின்னக் கொட்டகையிலும் நடக்கும் வேலைக்கு, சட்டத்தின் கை பெரும்பாலும் நீள்வதில்லை.

கையைக் காப்பாத்துவது எப்படி?

• உடைக்க உட்காரும் முன் கை முழுக்க விளக்கெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ தடவுவது பழைய வழக்கம். ஓட்டு எண்ணெய் நேராகத் தோலில் ஏறுவதை இது ஓரளவு தடுக்கும். நகக்கண், விரலிடுக்கு விடுபடக் கூடாது. இடைவேளையில் கழுவிவிட்டு மறுபடி தடவ வேண்டும்.

• சாம்பல் மட்டும் பூசுவது நல்லது இல்லை. எண்ணெயை உறிஞ்சும், உண்மைதான். ஆனால் தோலை வறள வைத்து வெடிப்பை அதிகமாக்கும்.

• கையுறை போட்டால் வேகம் குறையும் என்று பலர் தவிர்க்கிறார்கள். கொட்டையைப் பிடிக்கும் கைக்கு மட்டுமாவது நைட்ரைல் கையுறை போடலாம். உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை இருந்தால் வியர்வை தேங்காது. கிழிந்த கையுறையைத் தொடர்ந்து போடுவது, போடாமல் இருப்பதைவிட மோசம். எண்ணெய் உள்ளே புகுந்து தேங்கிவிடும்.

• எண்ணெய் பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். வெறும் தண்ணீர் போதாது. சாப்பிடும் முன், கண்ணைத் தொடும் முன், கழிவறைக்குப் போகும் முன் கை கழுவுவது கட்டாயம். வேலை முடிந்து கழிவறைக்குப் போய்விட்டுக் கழுவினால் பயன் இல்லை.

• வேலைக்குத் தனி உடை. வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம்.

• முந்திரி ஓட்டை வீட்டு அடுப்பில் எரிக்காதீர்கள். அந்தப் புகையும் கண்ணையும் நுரையீரலையும் பதம் பார்க்கும்.

கொப்புளம் வந்துவிட்டால் குளிர்ந்த நீர் ஒத்தடம் கொடுத்து, மருத்துவர் சொல்லும் ஸ்டீராய்டு களிம்பை, சொன்ன நாட்களுக்கு மட்டும் போட வேண்டும். மருந்துக்கடையில் ‘அரிப்புக்கு ஒரு டியூப் குடுங்க’ என்று வாங்கும் கலவைக் களிம்பை மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்துவிடும், பூஞ்சைத் தொற்றும் கூடும். அலர்ஜி மாத்திரை இந்த வகைக்குப் பெரிதாக உதவாது. ஏனென்றால் இதை நடத்துவது ஹிஸ்டமின் இல்லை.

முந்திரி சாப்பிட்டா மூச்சு முட்டுமா?

இது வேறு கதை. இங்கே எதிரி ஓட்டு எண்ணெய் இல்லை, பருப்பில் உள்ள புரதம். உடலில் ஏற்கெனவே தயாராக இருக்கும் ஐ.ஜி.இ, அந்தப் புரதத்தைப் பார்த்ததும் சில செல்களுக்கு உத்தரவு கொடுக்கிறது. ஹிஸ்டமின் உள்ளிட்ட வேதிப்பொருட்கள் ஒரே நேரத்தில் கொட்டுகின்றன.

வாய் அரிக்கும். உடம்பெல்லாம் தடிப்பு. உதடு, கண்ணிமை வீங்கும். வயிற்றுவலி, வாந்தி. நிலைமை முற்றினால் குரல் கரகரக்கும், மூச்சிரைக்கும், ரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வரும். இந்தக் கடைசி நிலைக்குப் பெயர் அனாஃபிலாக்சிஸ்.

முந்திரியை வறுத்தாலும் வேகவைத்தாலும் இந்தப் புரதம் எளிதில் அழிவதில்லை. ‘நெய்யில வறுத்துத்தான் போட்டோம்’ என்பது பாதுகாப்பு இல்லை. முந்திரி ஒத்துக்கொள்ளாத பலருக்குப் பிஸ்தாவும் ஒத்துக்கொள்ளாது. இரண்டின் புரதமும் கிட்டத்தட்ட ஒரே அச்சு.

பொங்கல், பாயசம், கேசரியில் முந்திரி கண்ணுக்குத் தெரியும். தெரியாத இடங்கள்தான் ஆபத்து. ஓட்டல் குருமா, பனீர் பட்டர் மசாலா, கத்லி, பாதாம் பர்ஃபி என்ற பெயரில் விற்கும் கலவை இனிப்பு, மில்க் ஷேக் என்று பலவற்றில் முந்திரி விழுதாகக் கரைந்திருக்கும். கேட்டுவிட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

பாக்கெட் உணவுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ம் ஆண்டு லேபிள் விதிகள்படி, பசையம் உள்ள தானியம், ஓட்டு மீன் வகைகள், பால், முட்டை, மீன், வேர்க்கடலை, மரக்கொட்டைகள், சோயா, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சல்ஃபைட் ஆகியவை இருந்தால் லேபிளில் தனியாகச் சொல்ல வேண்டும். முந்திரி மரக்கொட்டை வகையில் வரும். எடைபோட்டுப் பொட்டலம் கட்டித் தரும் ஸ்வீட் கடைப் பலகாரத்தில் அந்த லேபிளைத் தேட முடியாது. அங்கே கேள்விதான் லேபிள்.

அந்த நிமிடத்தில் என்ன செய்யணும்?

அனாஃபிலாக்சிஸுக்கு முதல் மருந்து அட்ரினலின் ஊசி. தொடையின் நடுப்பகுதியில், வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும். வீங்கிய தொண்டையைத் திறந்து, சரியும் ரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்துவது இதுதான். விலை குறைந்த, அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்து.

அலர்ஜி மாத்திரை தடிப்பையும் அரிப்பையும் குறைக்கும். மூச்சுக்குழாயைத் திறக்காது. ‘மாத்திரை போட்டிருக்கேன், அரை மணி நேரம் பார்ப்போம்’ என்று காத்திருப்பதுதான் உயிரிழப்புக்கு வழிவகுக்கும் தவறு.

• மூச்சுத்திணறல், குரல் மாற்றம், தொடர் வாந்தி, மயக்கம் இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். ‘சாப்பிட்டதும் மூச்சுத்திணறல், அலர்ஜி’ என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

• படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு விடச் சிரமம் என்றால் சாய்ந்து உட்காரலாம். திடீரென்று எழுப்பி நிற்கவைப்பதும் நடக்கவைப்பதும் ஆபத்து.

• பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோவதைத் தவிருங்கள்.

• வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். எதையும் குடிக்கக் கொடுக்க வேண்டாம்.

• ஊசி போட்டுச் சரியானாலும் சில மணி நேரம் மருத்துவமனையில் இருக்க வேண்டும். அறிகுறிகள் அடங்கிவிட்டு மறுபடி வரலாம்.

தானே போட்டுக்கொள்ளும் பேனா வடிவ அட்ரினலின் ஊசி நம் நாட்டில் எளிதாகக் கிடைப்பதில்லை. அதனால் ஒருமுறை கடுமையான ஒவ்வாமை வந்தவர்கள், மருத்துவரிடம் எழுத்தில் ஓர் அவசரத் திட்டம் வாங்கி வைக்க வேண்டும். எதனால் வருகிறது, என்ன மருந்து, எவ்வளவு என்ற அந்தத் தாளின் நகல் பள்ளியிலும் இருக்க வேண்டும்.

பலாப்பழம் பற்றி ஒரு வார்த்தை

பண்ருட்டி என்றதும் பலா நினைவுக்கு வராமல் இருக்காது. பலாச்சுளை அதிகம் சாப்பிட்டு வயிறு உப்பினால் அது அலர்ஜி இல்லை, செரிமானப் பிரச்சினை. உண்மையான பலா ஒவ்வாமை நம் ஊரில் அரிது. குளிர் நாடுகளில் வளரும் பர்ச் மரத்தின் மகரந்தத்துக்கு ஒவ்வாமை உள்ள சிலருக்கு, பலா சாப்பிட்டால் வாய் அரிப்பது அங்கே பதிவாகியிருக்கிறது. இரண்டின் புரதமும் ஒத்திருப்பதே காரணம். ஐரோப்பாவில் குடியேறிய உறவினர், ‘ஊர்ல சாப்பிட்டப்போ ஒண்ணும் ஆகலை, இங்க வாய் அரிக்குது’ என்றால் நம்பலாம்.

நெய்வேலித் தூசி அலர்ஜியா?

ஐ.ஜி.இ வகை ஒவ்வாமையைத் தூண்டுவது பெரும்பாலும் புரதங்கள். நிலக்கரித் தூசியும் சாம்பலும் புரதம் இல்லை. அவை மூக்கையும் மூச்சுக்குழாயையும் உராய்ந்து எரிச்சல் தருகின்றன. அதனால் ‘அலர்ஜி இல்லையே, பரவாயில்லை’ என்று விடக் கூடாது. ஆஸ்துமா உள்ளவருக்கு இந்தத் தூசி ஒரு பெரிய தூண்டுகோல். நுண்ணிய தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பது ஆரோக்கியமான நுரையீரலுக்கும் கெடுதல்.

வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. சாலையில், வேலையிடத்தில் மட்டும் தும்மல் வந்து, விலகினால் நின்றுவிட்டால் எரிச்சலாக இருக்கலாம். காலையில் படுக்கையில் இருந்து எழும்போதே அடுக்குத் தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்பு என்றால் சந்தேகப்பட வேண்டியது மெத்தையை. அங்கே வாழும், கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகளின் கழிவு, ஆஸ்துமாவையும் மூக்கு ஒவ்வாமையையும் தூண்டும் முக்கியக் காரணங்களில் ஒன்று. தலையணை உறை, போர்வையை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போடுவது உதவும்.

சாலையோரம் வெள்ளைப் பூவோடு நிற்கும் பார்த்தீனியத்தையும் மறக்கக் கூடாது. 1950-களில் புனேயில் முதலில் கவனிக்கப்பட்ட இந்தக் களை, இன்று நாடு முழுக்க இருக்கிறது. இதன் துகள் காற்றில் வந்து, முகம், கழுத்து, முழங்கை மடிப்பில் தோல் அழற்சி தரும். வெறும் கையால் பிடுங்கக் கூடாது.

வெளியே போகும்போது என்-95 முகக்கவசம் நல்லது. ஆஸ்துமா என்று மருத்துவர் சொன்னால் இன்ஹேலருக்குப் பயப்படாதீர்கள். ‘பழகிடும், விட முடியாது’ என்பது தவறான பேச்சு. மருந்து நேராக நுரையீரலுக்குப் போவதால் குறைந்த அளவே போதுமானது.

எந்த டெஸ்ட் எதுக்கு?

உடனடி ஒவ்வாமைக்கு: தோலில் லேசாகக் குத்திப் பார்க்கும் பரிசோதனை. 15 முதல் 20 நிமிடத்தில் முடிவு தெரியும். அல்லது ரத்தத்தில் ஐ.ஜி.இ அளவு.

தொடு ஒவ்வாமைக்கு: பேட்ச் டெஸ்ட். முதுகில் பொருட்களை ஒட்டி, 48 மணி நேரம் வைத்து, பிறகு மறுபடி ஓரிரு நாள் கழித்தும் பார்ப்பார்கள்.

முந்திரி உடைத்துக் கை புண்ணானவருக்கு ரத்தப் பரிசோதனை எடுத்தால் ஒன்றும் தெரியாது. பணம்தான் போகும்.

‘200 உணவுக்கு ஒரே டெஸ்ட்’ விளம்பரங்களிலும் கவனம் தேவை. டெஸ்ட்டில் பாசிட்டிவ் என்றால் அலர்ஜி இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. இந்தியா, சீனா, ரஷ்யாவில் பள்ளிக் குழந்தைகளிடம் நடந்த யூரோப்ரிவால் ஆய்வில், கர்நாடகக் குழந்தைகளில் பலருக்கு ரத்தத்தில் உணவுக்கு எதிரான ஐ.ஜி.இ இருந்தது. ஆனால் அறிகுறியோடு சேர்த்துப் பார்த்தபோது, உணவு ஒவ்வாமை இருக்க வாய்ப்புள்ளவர்கள் 0.14 சதவீதம் மட்டுமே. ஹாங்காங்கில் அது 1.5 சதவீதம். வெறும் டெஸ்ட் முடிவை வைத்துப் பால், முட்டை, மீன் எல்லாவற்றையும் நிறுத்தினால், குழந்தைக்குச் சத்துக் குறைபாடுதான் மிஞ்சும்.

ஐ.ஜி.ஜி என்ற பெயரில் செய்யப்படும் உணவுப் பரிசோதனையை ஒவ்வாமை மருத்துவ அமைப்புகள் பரிந்துரைப்பதில்லை. நீங்கள் அந்த உணவைச் சாப்பிட்டு வருகிறீர்கள் என்பதைத்தான் அது காட்டும்.

குழந்தைக்கு வராமல் தடுக்க முடியுமா?

‘கடலை, முட்டை எல்லாம் மூணு வயசுக்கு மேல குடுத்தா போதும்’ என்பது பழைய அறிவுரை. லண்டனில் நடந்து, 2015-ல் வெளியான ‘லீப்’ ஆய்வு அதை மாற்றிவிட்டது. ஒவ்வாமை வரும் ஆபத்து அதிகம் உள்ள 640 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, ஒரு பிரிவுக்கு 4 முதல் 11 மாத வயதுக்குள் வேர்க்கடலை உணவைத் தொடங்கினார்கள். இன்னொரு பிரிவுக்குக் கொடுக்கவில்லை. ஐந்து வயதில் பார்த்தபோது, சாப்பிட்ட குழந்தைகளிடம் கடலை ஒவ்வாமை சுமார் 80 சதவீதம் குறைவாக இருந்தது.

அதனால் ஆறு மாதத்தில் இணை உணவு தொடங்கும்போது, முட்டை, கடலை, முந்திரி போன்றவற்றை ஒவ்வொன்றாக, சிறிதளவில் அறிமுகம் செய்யலாம். நைசாக அரைத்த விழுதாகக் கஞ்சியில் கலந்து கொடுக்க வேண்டும். முழுப் பருப்பை ஐந்து வயது வரை கொடுக்கக் கூடாது, மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளும். குழந்தைக்குக் கடுமையான கரப்பான் இருந்தாலோ, முன்பே ஏதாவது உணவுக்குத் தடிப்பு வந்திருந்தாலோ, மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். வீட்டுக்குள் பீடி, சிகரெட் புகை இல்லாமல் இருப்பதும் குழந்தையின் நுரையீரலுக்கு முக்கியம்.

எப்போ, யாரைப் பார்க்கணும்?

கையில் தடிப்பு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அல்லது விடுமுறையில் குறைந்து வேலைக்குப் போனதும் திரும்பி வந்தால், அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போங்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். மருத்துவர் கேட்கக் காத்திருக்க வேண்டாம். வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் இருமலோ இரைப்போ இரவில் எழுப்பினால் நுரையீரல் மருத்துவர். சாப்பிட்டதும் ஒருமுறையாவது உதடு, முகம் வீங்கியிருந்தால், அடுத்த விருந்துக்கு முன் ஒவ்வாமை பற்றித் தெரிந்த மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

போகும்போது ஒரு சின்னத் தாளில் மூன்று விஷயங்களை எழுதிக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்தது: எதைத் தொட்டீர்கள் அல்லது சாப்பிட்டீர்கள், எத்தனை நிமிடம் அல்லது எத்தனை நாள் கழித்து வந்தது, உடம்பில் எங்கே வந்தது. தடிப்பு மறைவதற்குள் செல்போனில் ஒரு போட்டோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.